முகூர்த்த மாதங்களில் திரும்பிய கழுத்து வலி: நகைத் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

கோவையில் நகைப் பட்டறை ஒன்றில் கல் பதிக்கும் வேலை செய்யும் 47 வயது ஆண் ஒருவர், கழுத்து வலி வலது கைக்கு இறங்கி நடுவிரல் மரத்துப்போன நிலையில் எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு வந்தார். நான்கு ஆண்டுகளுக்குள் அவருக்கு இது மூன்றாவது முறை. முந்தைய இரண்டு முறையும் சிகிச்சை பெற்றார், வலி தணிந்தது, பழைய இடத்தில் பழையபடியே உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கின் கோளாறால் வரும் கழுத்து வலி ஒரு முறை தணிவது பெரும்பாலும் உடலே செய்துகொள்ளும் காரியம். அது திரும்ப வருவதைத் தடுப்பதில்தான் மருத்துவரின் வேலை இருக்கிறது என்பது எங்கள் கருத்து. ஆகவே, மூன்றாம் முறை வலிக்கு அளித்த சிகிச்சையை மட்டுமல்லாமல், வலியில்லாத இடைக்காலங்களில் என்ன நடந்தது என்பதையும் இந்த ஆய்வு சற்று விரிவாகவே எடுத்துக்கொள்கிறது. நோயாளியின் ஒப்புதல் பெறப்பட்டுள்ளது. அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

முறையீடும் முன்வரலாறும்

அட்சய திருதியைக்கான ஆர்டர்கள் குவிந்திருந்த பங்குனிக் கடைசியில் அவர் வந்தார். மூன்று வாரமாகக் கழுத்தின் வலப்பக்கத்திலும் வலது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பிலும் குடைச்சல். அங்கிருந்து மேற்கையின் பின்புறம் வழியாக மின்சாரம் பாய்வதுபோல் இறங்கும் வலி. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மதமதப்பு. இருமினாலும் தும்மினாலும் வலி கைக்குத் தெறித்தது. படுத்தால் கூடியதால் இரவில் பாதி நேரம் நாற்காலியிலேயே கழிந்தது. ஆனால் அவரை மருத்துவமனைக்கு வரவைத்தது வலி அன்று. "அரம் போட்டா கை முன்னாடி போக மாட்டேங்குதுங்க, தள்ளுறதுக்கு வலுவே இல்லைங்க" என்றார். நோயறிதலுக்கு இந்த ஒரு வாக்கியம் ஸ்கேன் அறிக்கையின் முழுப் பக்கத்தைவிடப் பயன்பட்டது. அரத்தை முன்னோக்கித் தள்ளுவது முழங்கையை நீட்டும் வேலை. அதைச் செய்வது மேற்கையின் பின்புறம் உள்ள முத்தலைத் தசை. அந்தத் தசைக்கு முதன்மையாகக் கட்டளை கொண்டுபோவது, தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஏழாம் கழுத்து நரம்பு வேர்.

உடன் வந்திருந்த அவருடைய மனைவி தம் பங்குக்கு ஒரு குறையைச் சொன்னார்: "வீட்ல எந்நேரமும் தலையில கைய வெச்சுட்டே உக்காந்திருக்காருங்க, குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொன்னாக் கேக்கறதே இல்லைங்க." தலையில் கை வைத்து உட்காருவதை நம் வீடுகளில் அபசகுனமாகக் கருதுகிறோம். நரம்பு வேர் அழுந்தும்போது கையை உயர்த்தித் தலைமேல் வைத்துக்கொண்டால் அந்த வேரின் இழுவிசை தளர்ந்து வலி குறைகிறது. பக்கோடி குறி என்று இதற்குப் பெயர். தோள் மூட்டில் கோளாறு உள்ளவருக்குக் கையை அந்த அளவுக்கு உயர்த்தினால் வலி கூடும். யாரும் கற்றுத்தராமல் நோயாளி தாமாகக் கண்டுபிடித்துக்கொண்ட நிவாரணமே, கோளாறு தோளில் இல்லை, கழுத்தில்தான் என்பதற்கு முதல் சான்றாக அமைந்தது.

முதல் முறை வலி வந்தது ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி மாதத்தில். காலையில் எழுந்தபோது கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சுளுக்கு என்று எண்ணி முடிதிருத்தும் கடையில் நெட்டி முறித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் சரியாயிற்று. இந்தப் பழக்கத்தைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும்: கழுத்தைத் திடீரென்று முறுக்கிச் சொடக்கும்போது, முள்ளெலும்புகளின் துளைகள் வழியாக மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிவதும் அதனால் பக்கவாதம் ஏற்படுவதும் அரிதாக நடக்கின்றன, நடந்தால் திருத்த முடியாதவை. டிஸ்க் பிதுங்கியுள்ள கழுத்தில் ஆபத்து இன்னும் அதிகம்.

இரண்டாம் முறை வந்ததும் ஆவணியில், இரண்டு ஆண்டுகள் கழித்து. அப்போது வலி முன்கையின் வெளிப்புறம் வழியாகக் கட்டைவிரலுக்கு இறங்கியது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், வலி மாத்திரை, கரண்ட் வைத்தல், கழுத்துப் பட்டை ஆகியவை தரப்பட்டன. பட்டையை எப்போது கழற்ற வேண்டும் என்று யாரும் தெளிவாகச் சொல்லாததால் நான்கு மாதம் அணிந்திருந்தார்.

அவருக்கு இரத்த அழுத்த நோய் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். நீரிழிவு இல்லை. புகைப்பதில்லை. இந்த மூன்று வாரமும் மருந்துக் கடையில் தாமே வாங்கிய டைக்ளோஃபினாக் கலந்த வலி மாத்திரையை நாளைக்கு இரண்டு வேளை விழுங்கியிருந்தார். வந்த அன்று இரத்த அழுத்தம் 160/100.

பரிசோதனை

கழுத்தை வலப்பக்கம் 45 பாகைக்கு மேல் திருப்ப முடியவில்லை. தலையைப் பின்னும் வலப்புறமும் சாய்த்து மேலிருந்து மெல்ல அழுத்தியபோது, அவர் சொன்ன அதே வலி நடுவிரல்வரை ஓடியது. 1944 இல் ஸ்பர்லிங், ஸ்கோவில் என்ற இரு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் விவரித்த சோதனை இது. மாறாக, தலையை இரு கைகளாலும் ஏந்தி மேல்நோக்கி இழுத்தபோது வலி குறைந்தது. கையை விரித்து நீட்டி நரம்பை இழுக்கும் சோதனையிலும் அறிகுறி வெளிப்பட்டது. வலியுள்ள பக்கம் கழுத்தை 60 பாகைவரைகூடத் திருப்ப முடியாமை, மேற்சொன்ன மூன்று சோதனைகள் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தால் நரம்பு வேர் பாதிப்பு இருப்பதற்கான வாய்ப்பு 90 விழுக்காடு என்று 2003 இல் வெய்னரும் அவருடைய குழுவினரும் காட்டினர். இவரிடம் நான்கும் இருந்தன.

முத்தலைத் தசையின் வலிமை ஐந்துக்கு நான்கு. அதன் தசைநாணைச் சுத்தியலால் தட்டியபோது இடது கையில் துள்ளல் தெளிவாக இருந்தது. வலது கையில் ஏறக்குறைய இல்லை. மணிக்கட்டை மடக்குவதிலும் சிறு தளர்ச்சி இருந்தது. நகைத் தொழிலாளிகளுக்கு மணிக்கட்டுக் குகையில் நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போவது உண்டு. ஆகவே அந்த வாய்ப்பைப் பார்க்காமல் விட முடியாது. ஆனால் அந்த நரம்புக்கும் முத்தலைத் தசைக்கும் தொடர்பே கிடையாது. மேற்கையின் ஆர நரம்பு தனியாகப் பாதிக்கப்பட்டிருந்தால் முத்தலைத் தசை தளரலாம். மணிக்கட்டை மடக்கும் தசை தளராது. இரண்டும் சேர்ந்து தளர்ந்திருப்பதும், நடுவிரல் மரத்திருப்பதும், முத்தலைத் துள்ளல் மறைந்திருப்பதும் சந்திக்கும் ஒரே இடம் ஏழாம் நரம்பு வேர்.

கழுத்து டிஸ்க் கோளாறில் கைகளைப் பரிசோதிப்பதோடு நிறுத்திவிடுவது ஆபத்தானது. கால்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டிஸ்க் பின்புறமாக நடுவில் பிதுங்கித் தண்டுவடத்தையே அழுத்தினால் முதலில் வெளிப்படுவது வலியாக இல்லாமல் நடைத் தடுமாற்றமாகவும் விரல்களின் லாவகக் குறைவாகவும் இருக்கக்கூடும். செருப்பு காலைவிட்டுத் தெரியாமலே கழன்று போகிறதா, சட்டைப் பொத்தான் போடுவதில் தடுமாற்றம் இருக்கிறதா, சோறு பிசைந்து உருட்டும்போது விரல்கள் சொன்னபடி கேட்கின்றனவா, சிறுநீர் அடக்குவதில் மாற்றம் உண்டா என்று கேட்டோம், இல்லை என்றார். பத்து நொடியில் இருபது முறையாவது கையை மூடித் திறக்க முடிய வேண்டும். அவர் 24 முறை செய்தார். முழங்கால் துள்ளல்கள் இயல்பாக இருந்தன, உள்ளங்காலைக் கீறியபோது பெருவிரல் கீழ்நோக்கியே மடங்கியது. காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்த்தல் ஆகியவையும் இல்லை. முதுகெலும்புக் காசநோய் நம்மிடையே இன்னும் இருப்பதால் இக்கேள்விகளைத் தவிர்க்க முடியாது.

இரண்டு ஸ்கேன்கள்

கழுத்தில் முள்ளெலும்புகள் ஏழு. நரம்பு வேர்கள் பக்கத்துக்கு எட்டு. முதல் ஏழு வேர்களும் தத்தம் எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளியேறுவதால், ஆறாம் எலும்புக்கும் ஏழாம் எலும்புக்கும் இடையிலான டிஸ்க் பிதுங்கினால் அழுந்துவது ஏழாம் வேர். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலுள்ளது பிதுங்கினால் ஆறாம் வேர். டிஸ்க்கின் நடுவே நீர்ச்சத்து மிகுந்த கூழ் போன்ற பகுதியும், அதைச் சுற்றி நார் வளையங்களும் உள்ளன. வயதுவந்தவர்களில் அதன் உட்பகுதிக்கு இரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டுகள் வழியாகக் கசிந்து வரும் ஊட்டமே அதன் உணவு. வயது ஏற ஏறக் கூழ் நீரிழந்து வளையங்களில் வெடிப்பு விடுகிறது.

நோயாளி இரண்டாம் முறை எடுத்த ஸ்கேனையும் மூன்றாம் முறை எடுத்த ஸ்கேனையும் ஒரே உறையில் கொண்டுவந்திருந்தார். இரண்டு அறிக்கைகளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தன: கழுத்தின் இயல்பு வளைவு நிமிர்ந்திருக்கிறது, பல மட்டங்களில் தேய்மானம், டிஸ்க் பிதுக்கம், நரம்பு வேர் அழுத்தம். ஒரே வியாதி முற்றிக்கொண்டு வருகிறது, தம் கழுத்து உள்ளுக்குள் உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். படங்களை அடுத்தடுத்து மாட்டிப் பார்த்தபோது தெரிந்தது வேறு. முந்தைய படத்தில் ஐந்து–ஆறு மட்டத்தில் வலப்பக்கம் தெளிவாகத் துருத்திக்கொண்டிருந்த டிஸ்க், புதிய படத்தில் பெருமளவு சுருங்கியிருந்தது. புதிய பிதுக்கம் ஆறு–ஏழு மட்டத்தில், வலது நரம்புத் துளையின் வாயிலில். அந்த முறை கட்டைவிரலும் இந்த முறை நடுவிரலும் மரத்ததற்கு அதுவே காரணம். பிதுங்கிய டிஸ்க் பகுதியை உடலின் விழுங்கணுக்கள் அரித்துக் கரைப்பது நன்கு அறியப்பட்ட நிகழ்வு. இவருடைய கழுத்திலும் அது நடந்திருந்தது. எனவே திரும்பி வந்தது அதே நோய் அன்று. ஒரு டிஸ்க் ஆறிய பின் அதற்கு அடுத்த டிஸ்க் அதே சூழ்நிலையில் பழுதாகியிருந்தது. இது தெரிந்த பிறகு எங்கள் கவனம் டிஸ்க்கிலிருந்து சூழ்நிலைக்கு மாறியது.

அறிக்கையின் மற்ற வரிகளுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஜப்பானில் 1,211 பேரிடம் செய்து 2015 இல் வெளியிடப்பட்ட ஆய்வு நல்ல அளவுகோல். எந்தத் தொல்லையும் இல்லாத அவர்களில் 87.6 விழுக்காட்டினருக்கு எம்.ஆர்.ஐ. படத்தில் கழுத்து டிஸ்க் பிதுக்கம் இருந்தது. தேய்மானம் என்ற சொல்லை அறிக்கையில் படித்துவிட்டுக் கழுத்தை அசைக்கவே அஞ்சுகிற நோயாளிகளை வாரந்தோறும் பார்க்கிறோம். அந்த அச்சம் அவர்களுடைய தசைகளுக்குச் செய்யும் கேடு, பல வேளைகளில் தேய்மானம் செய்வதைவிட அதிகம்.

அறுவை சிகிச்சை வேண்டுமா?

வேறோர் இடத்தில் உடனே அறுவை சிகிச்சை செய்துகொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. தசைத் தளர்ச்சி இருப்பதால் அந்த யோசனையைப் புறந்தள்ள முடியாது. ஆனால் தளர்ச்சி இருக்கிறதா என்பதைவிட அது நாளுக்கு நாள் கூடுகிறதா என்பதே முக்கியம். தண்டுவடம் அழுந்தினாலும், தளர்ச்சி கூடிக்கொண்டே போனாலும், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் முறையான சிகிச்சைக்குப் பிறகும் தாங்க முடியாத வலி நீடித்தாலும் அறுவை சிகிச்சையே உரிய வழி. இவருக்கு அந்த மூன்றும் இல்லை.

ஸ்வீடனில் பெர்சன் குழுவினர் 81 நோயாளிகளை அறுவை சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சை, கழுத்துப் பட்டை என்று மூன்றாகப் பிரித்து ஆய்ந்து 1997 இல் வெளியிட்டனர். நான்காம் மாதத்தில் அறுவை சிகிச்சை பெற்றோருக்கு வலி குறைவாக இருந்தது. ஓராண்டு கடந்தபின் மூன்று குழுக்களுக்கிடையே வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் 1976 முதல் 1990 வரை நரம்பு வேர் பாதிப்புக்கு உள்ளான 561 பேரைப் பின்தொடர்ந்து, இந்திய நரம்பியல் மருத்துவர் குருப்பத் ராதாகிருஷ்ணன் முதலாசிரியராக 1994 இல் வெளியிட்ட ஆய்வில், கடைசியாகப் பார்த்தபோது 90 விழுக்காட்டினர் தொல்லையே இல்லாமலோ மிகச் சிறிய தொல்லையுடனோ இருந்தனர். 26 விழுக்காட்டினருக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நம்பிக்கையூட்டும் இந்தப் பக்கத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வில் 31.7 விழுக்காட்டினருக்கு நோய் திரும்ப வந்தது என்ற பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் புரட்டுவதில்லை. எங்கள் நோயாளி அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்.

ஆறு வாரம் பொறுத்துப் பார்ப்பது, முதல் மூன்று வாரம் வாரந்தோறும் முத்தலைத் தசையின் வலிமையையும் கால்களின் துள்ளல்களையும் சோதித்து எழுதி வைப்பது, ஒரு படி குறைந்தாலும் அறுவை மருத்துவரிடம் அனுப்புவது என்று அவருடனும் மனைவியுடனும் பேசி முடிவு செய்தோம்.

முதல் ஆறு வாரம்

டைக்ளோஃபினாக் நிறுத்தப்பட்டது. அவ்வகை மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன, அழுத்த மாத்திரைகள் சிலவற்றின் வேலையையும் கெடுக்கின்றன. நிறுத்திய பத்து நாளில் அவருடைய அழுத்தம் 138/86 ஆயிற்று. பாரசிட்டமாலும், உறக்கத்துக்காக இரவில் குறைந்த அளவு நார்ட்ரிப்டிலினும் தரப்பட்டன. நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலின் மாத்திரை தலைச்சுற்றலும் மந்தமும் தரக்கூடியது. தீச்சுடருக்கு முன் உட்காருகிறவருக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம். நரம்புச் சத்து மாத்திரை எழுதவில்லையா என்று அவரே கேட்டார். இரத்தத்தில் பி12 அளவு சரியாக இருக்கும்போது அழுந்திய நரம்பை அந்த மாத்திரை விடுவிக்காது என்று விளக்க வேண்டியிருந்தது. ஸ்டீராய்டு ஊசியையும் தவிர்த்தோம்: தண்டுவட உறைப் பகுதியில் செலுத்தும் அந்த ஊசிகளால் அரிதாகப் பார்வையிழப்பு, பக்கவாதம், மரணம்கூட ஏற்படலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014 இல் எச்சரித்திருக்கிறது. வலி தானாகத் தணியத் தொடங்கியவருக்கு அந்த ஆபத்தை ஏற்கும் அளவுக்குத் தேவை இல்லை.

கழுத்துப் பட்டையை முற்றிலும் ஒதுக்கவில்லை. நெதர்லாந்தில் 205 நோயாளிகளிடம் கைப்பர் குழுவினர் செய்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கக் கட்டத்தில் மூன்று வாரம் பட்டை அணிந்து அடுத்த மூன்று வாரத்தில் படிப்படியாகக் கழற்றியவர்களுக்கு, ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களைவிட வலி விரைவாகக் குறைந்தது. ஆகவே பட்டை தீங்கு செய்யும் பொருள் அன்று. அதை அணியத் தொடங்கும் நாளிலேயே கழற்றும் நாளையும் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இவருக்கு இரண்டு வாரம் அனுமதித்தோம், பேருந்துப் பயணத்திலும் மாலை வேளையிலும் மட்டும். இயந்திரத்தில் தலையை மாட்டி இழுக்கும் சிகிச்சை பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கையால் இழுத்தபோது இவருக்கு வலி குறைந்ததால் இயன்முறை மருத்துவர் அதைக் கையாலேயே செய்தார். வீட்டுக் கதவில் கயிறு கட்டித் தண்ணீர்ப் பை தொங்கவிடும் முறை வேண்டாம் என்று சொல்லப்பட்டது.

இரவில் வலது கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொண்டு இடப்பக்கம் சாய்ந்து படுத்தபோது முதல் முறையாக நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்கினார். தலையில் கை வைத்துக்கொள்ளத் தடையில்லை என்றும் மருத்துவச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம்; மனைவிக்குக் காட்டத் தேவைப்படும் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

முதலில் கைவலி தணிந்தது, மூன்றாம் வார முடிவில். தளர்ச்சி கூடவில்லை. மதமதப்பு குறையவே இல்லை. நரம்பு வேர் ஆறும்போது வலி முதலிலும், வலிமை அடுத்தும், மரத்தல் கடைசியிலும் போவதை அடிக்கடி பார்க்கிறோம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், விரல் மரப்பு நீடிப்பதைக் கண்டு சிகிச்சை தோற்றுவிட்டதாக நோயாளி எண்ணிக்கொள்வார். கழுத்து இயலாமைக் குறியீடு என்ற பத்துக் கேள்விப் படிவத்தில், 50 க்கு 27 ஆக இருந்த அவருடைய மதிப்பெண் ஆறாம் வாரத்தில் 16 ஆகக் குறைந்தது.

பட்டறையில் கண்டது

இந்த நோயாளியை இந்த இடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவதே வழக்கம். முந்தைய இரண்டு முறையும் அதுதான் நடந்தது. நாங்கள் அவரைப் பட்டறையில் வேலை செய்யும்போது பக்கவாட்டிலிருந்து அலைபேசியில் படம் எடுத்து வரச் சொன்னோம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு சாண் உயரச் சாய்மேசை. கழுத்து ஏறத்தாழ 60 பாகை குனிந்திருக்கிறது. மூக்குக்கும் மோதிரத்துக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. நிமிர்ந்த தலையின் எடை 4.5 முதல் 5.5 கிலோ, 60 பாகை குனியும்போது கழுத்தின் மேல் விழும் விசை சுமார் 27 கிலோவுக்கு ஏறும் என்று 2014 இல் வெளிவந்த ஒரு கணக்கீடு சொல்கிறது. அது கணினி மாதிரியில் கிடைத்த எண்; உயிருள்ள கழுத்தில் அளந்தது அன்று. அலைபேசி பார்ப்பவர்களையெல்லாம் பயமுறுத்த அது அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்படுகிறது என்பதும் எங்கள் எண்ணம். ஆயினும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் அதே கோணத்தில் இருப்பது எந்தக் கழுத்துக்கும் நல்லதாக இருக்க முடியாது.

ஏன் அவ்வளவு குனிகிறார் என்று கேட்டபோது, மேசை தாழ்வாக இருப்பதே காரணம் என்று எதிர்பார்த்தோம். அது பாதிக் காரணம்தான். அதே மேசையில் இருபது ஆண்டுகளாக அவர் தொல்லையில்லாமல் வேலை செய்திருக்கிறார். மாறியது கண். நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வைக்கான குவியத்திறன் எல்லோருக்கும் குறைகிறது. சாதாரணமாக அப்படிப்பட்டவர் படிக்கும் தாளைத் தள்ளிப் பிடிப்பார். ஆனால் கல் பதிக்கிறவருக்குத் தள்ளிப் பிடித்தால் கல்லின் விளிம்பு தெரியாது. ஆகவே தெருக்கடையில் வாங்கிய அதிகத் திறனுள்ள கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அந்தத் திறன் கண்ணைப் பொருளுக்கு மிக அருகில் கொண்டுபோனால்தான் தெளிவு தரும். அது கண்ணை இழுத்தது, கண் தலையை இழுத்தது. முதல் வலி வந்ததற்குச் சில மாதம் முன்புதான் அந்தக் கண்ணாடியை வாங்கியிருந்தார்.

கண் பரிசோதகரிடம் அனுப்பி, படிக்கும் தூரத்துக்குப் பதிலாக அவர் நகையைப் பிடிக்க வேண்டிய தூரத்தை அளந்து 35 சென்டிமீட்டருக்குக் கண்ணாடி எழுதி வாங்கினோம். நுண்ணிய கல்லுக்கு, பல் மருத்துவர்கள் அணிவதுபோன்ற, பார்வையைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் தரும் உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்பட்டது. தலை நிமிர்ந்திருக்க, விழி மட்டும் கீழே பார்க்கும். மேசை விளக்கை இடப்பக்கம் நெருக்கி வைத்தார்கள். வெளிச்சம் கூடினாலே குனிவது குறைகிறது.

மேசையை உயர்த்துவதில் நாங்கள் எண்ணிப்பார்க்காத சிக்கல் எழுந்தது. அராவும்போது விழும் தங்கப் பொடி முழுவதும் கணக்கில் உள்ளது. தரையோடு தாழ்ந்த மேசையில் பொடி ஓரிடத்தில் தங்கும், உயரமான மேசையில் சிதறிவிடும் என்று பட்டறை உரிமையாளர் தயங்கினார். மேசை விளிம்பை வயிற்றுக்கு ஏற்ப வளைவாக வெட்டி, அதன் கீழே தோல் விரிப்பைத் தொட்டில்போல் தொங்கவிடும் ஐரோப்பிய நகைத் தொழிலாளிகளின் வழக்கத்தைப் படத்தில் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார். இப்போது நோயாளி நாற்காலியில் உட்காருகிறார். மேசை மார்பு உயரத்தில் இருக்கிறது. இரு முன்கைகளும் மேசையில் தாங்கி நிற்பதால் தோள்களின் சுமையும் குறைந்தது. கழுத்தின் குனிவு 20 முதல் 25 பாகைக்கு வந்தது.

தசைப் பயிற்சி

கழுத்தின் முன்புறம் முள்ளெலும்புகளை ஒட்டி ஆழத்தில் ஓடும் தசைகள், நாள்பட்ட கழுத்து வலியில் சோர்ந்துபோகின்றன. அவற்றின் வேலையை மேலோட்டமான பெரிய தசைகள் எடுத்துக்கொண்டு இறுகுகின்றன. மல்லாந்து படுத்து, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மடித்துக் கழுத்துக்கு அடியில் வைத்து அழுத்தமானியின் முள் 20 காட்டும்வரை காற்றடைத்து, தலையைத் தூக்காமல் ஆமோதிப்பதுபோல் முகவாயை மெல்லத் தாழ்த்தி, முள்ளை 22, 24 என்று இரண்டிரண்டாக ஏற்றி ஒவ்வொன்றிலும் பத்து நொடி நிறுத்த வேண்டும். 30 வரை போனால் நல்ல நிலை. அவர் தொடங்கியபோது 22 இல் தடுமாறினார், மூன்றாம் மாதத்தில் 28 இல் நிலைத்து நின்றார். அதற்குப் பின் இரப்பர்ப் பட்டையைக் கொண்டு கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் வலுவேற்றும் பயிற்சிகள் சேர்க்கப்பட்டன. பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலியுள்ள 180 பெண் அலுவலகப் பணியாளர்களிடம் செய்து 2003 இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு தொடர்ந்த வலுவேற்றும் பயிற்சி, வெறும் நீட்சிப் பயிற்சியைவிடத் தெளிவாக மேம்பட்ட பலனைத் தந்தது. இழுத்து நீட்டி விடுவதிலேயே நம் ஊர்ச் சிகிச்சைகள் பல நின்றுவிடுவது வருத்தத்துக்குரியது.

ஆவணி

மூன்று முறையும் வலி எப்போது வந்தது என்பதைத் தமிழ் மாதப்படி எழுதிப் பார்க்கச் சொன்னவர் எங்கள் இயன்முறை மருத்துவர். ஆடி முதல் பாதியில் பட்டறையில் வேலை மந்தம். ஆடிப்பெருக்கு கழிந்ததும் ஆவணி முகூர்த்தங்களுக்கான ஆர்டர்கள் மொத்தமாக வந்து விழும். ஆறு மணி நேர வேலையிலிருந்து ஒரே வாரத்தில் பதின்மூன்று மணி நேரத்துக்குத் தாவுகிறார். முதல் இரண்டு முறையும் அந்தத் தாவலில் வந்தவை. மூன்றாவது, அட்சய திருதியைக்கு முந்தைய தாவலில் வந்தது. அதனால் பயிற்சியின் அளவை மந்தமான மாதத்தில் கூட்டுவது, நெருக்கடி மாதத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்தாலும் விடாமல் செய்வது என்று திட்டம் வகுத்தோம்.

இடைவேளை பற்றிய அறிவுரைதான் எளிதில் நிறைவேறவில்லை. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கச் சொல்வது மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும். பதிக்கும் கல் ஒவ்வொன்றுக்கும் கூலி வாங்குகிறவருக்கு எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் காசு குறைகிறது. கடைசியில், பற்றவைத்த நகை ஆறும் நேரம், சாணை பிடிக்கக் காத்திருக்கும் நேரம் என்று வேலைக்குள்ளேயே இருக்கும் ஓய்வுகளைத் தேடிப் பயன்படுத்தினோம்.

அந்த ஆவணியில் வலி வந்தது. கழுத்தின் வலப்பக்கம் பிடித்துக்கொண்டது. கைக்கு இறங்கவில்லை, விரல் மரக்கவில்லை. ஸ்கேனும் எடுக்கவில்லை, பட்டையும் போடவில்லை. நான்கு நாள் வேலை நேரத்தைப் பாதியாக்கி, பாரசிட்டமாலுடன் மென்மையான அசைவுப் பயிற்சிகளைச் செய்து, இரண்டாம் வாரத்தில் முழு வேலைக்குத் திரும்பினார். அதற்கு முன்பே முத்தலைத் தசையின் வலிமை ஐந்துக்கு ஐந்தாகியிருந்தது. ஆறாம் மாதத்தில் இயலாமைக் குறியீடு 7. அடுத்த ஆண்டின் அட்சய திருதியையும் ஆவணியும் கழுத்துக்குத் தொந்தரவில்லாமல் கடந்தன. ஒரே நோயாளியிடம் பல மாற்றங்களை ஒருசேரச் செய்ததால், பலன் தந்தது கண்ணாடியா, மேசையா, பயிற்சியா, அல்லது காலமா என்று பிரித்துச் சொல்ல இயலாது; கண்ணாடிக்கே பெரும்பங்கு என்று நான் கருதுகிறேன், எங்கள் இயன்முறை மருத்துவர் பயிற்சிக்கே என்கிறார்.

வலது முத்தலைத் துள்ளல் இன்றுவரை திரும்பவில்லை. வலிமை முழுமையாக இருக்கும்போது அதற்குத் தனிச் சிகிச்சை கிடையாது. இனி அவரைப் பரிசோதிக்கும் மருத்துவர் அதைப் புதிய பாதிப்பு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அவருடைய சீட்டில் குறித்துத் தந்திருக்கிறோம். நடுவிரல் நுனியில் சிறிது மரப்பு மிச்சமிருக்கிறது, மிகச் சிறிய கல்லைச் சாமணத்தில் பிடிக்கும்போது மட்டும் தெரிவதாகச் சொல்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருகிறார். இரத்த அழுத்தம் பார்ப்பதோடு, கை மூடித் திறக்கும் வேகத்தையும் முழங்கால் துள்ளல்களையும் நடையையும் சோதிக்கிறோம். செருப்பு கழன்று போவது தெரியாமல் போனாலோ, பொத்தான் போடத் தடுமாறினாலோ, கை வலிமை மறுபடி குறைந்தாலோ அந்த ஆறு மாதத்துக்குக் காத்திராமல் அன்றே வர வேண்டும் என்று அவருக்கும் மனைவிக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டுள்ளது.